பள்ளிக்கூடத்து முளைப்புத் தட்டும் குடியானவர் கடமையும்

விவசாயத்தில் நஷ்டம் நேருவதற்குப் பல காரணங்கள் சொல்லப்படுகின்றன. மழை பொய்த்தது, பூச்சி விழுந்தது, விலை இறங்கியது என்பன அவற்றுள் முக்கியமானவை. இவை பெரும்பாலும் குடியானவரின் கைக்கு அடங்காதவை. கைக்கு அடங்கிய காரணம் ஒன்றும் உண்டு. அதைப் பற்றிப் பேசுவோர் குறைவு. ஒன்றைச் செய்து பார்த்தபின், அதனால்தான் பலன் விளைந்ததா, வேறொன்றால் விளைந்ததா என்று பகுத்தறியாமல் முடிவு கட்டிவிடுவதே அது.

ஒரு குடியானவர் புது உரம் ஒன்றை வாங்கி வயல் முழுவதும் இடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவ்வருஷம் மழையும் காலத்தில் பெய்கிறது, மூட்டை கூடுகிறது. புகழ் உரத்துக்குப் போய்ச் சேருகிறது. மறுவருஷமும் அதே உரம். ஆனால் மழை இல்லை, மூட்டை குறைகிறது. பழியும் உரத்துக்கே போய்ச் சேருகிறது. இரண்டு வருஷமும் பணம் கடைக்குப் போயிற்று. உரத்தின் குணம் இன்னதென்பது மட்டும் இரண்டு வருஷமும் தெரியாமலே போயிற்று. வயலின் நடுவில் நாலு பாத்தியை உரமிடாமல் விட்டு, அவற்றின் நெல்லைத் தனியே அளந்திருந்தால் முதல் வருஷத்திலேயே ஓரளவு உண்மை தெரிந்திருக்கும். அந்த நாலு பாத்தியை விடுவதற்கு மனம் வருவதில்லை. சிறு வயதில் பழகாத காரியத்துக்கு முதிர்ந்த வயதில் மனம் வருவது அரிது. ஆகவே இந்தப் பழக்கம் பள்ளிக்கூடத்தில் தொடங்க வேண்டும். அதற்கு ஆய்வுக்கூடமும் விலையுயர்ந்த கருவிகளும் வேண்டியதில்லை. ஆறு தட்டும் ஒரு கைப்பிடி நெல்லும் போதும்.

வயல் இல்லாத வண்ணாரப்பேட்டை

பள்ளிக்கூடத்துக்கு நிலம் வேண்டாமா என்று சிலர் கேட்கலாம். ஒரு குழி நிலமும் இல்லாத இடத்திலும் இப்பாடத்தை நடத்தலாம் என்பதற்கு வட சென்னையின் வண்ணாரப்பேட்டையையே உதாரணமாகக் கொள்ளலாம். ஒரு பக்கம் இராயபுரமும் துறைமுகமும், மறுபக்கம் திருவொற்றியூரும் எண்ணூர்த் தொழிற்சாலைகளும் சூழ்ந்த அப்பேட்டையின் பெயர், கிழக்கிந்தியக் கம்பெனியார் காலத்தில் ஏற்றுமதித் துணிகளை வெளுத்துக் கொடுத்த சலவைத் தொழிலாளர் அங்குக் குடியிருந்ததால் வந்தது. துணியை விரிக்க வெளியும், அலசத் தண்ணீரும், சுட்டெரிக்கும் வெயிலும் அங்கே இருந்தன.

அந்தத் துணி வியாபாரத்திலேயே ஒரு பாடம் இருக்கிறது. கம்பெனிக் கிடங்கில் வந்திறங்கிய துணியை வெறும் கண்ணால் பார்த்து நல்லது, கெட்டது என்று சொல்லிவிடவில்லை. முன்பே ஒப்புக்கொண்ட மாதிரித் துணி ஒன்று இருக்கும். அதனுடன் ஒப்பிட்டே புதுத் துணியைத் தரம் பிரித்தார்கள். ஒப்பிடுவதற்கு ஒன்று இல்லாவிட்டால் வெளுப்பு என்பதும் ஒரு பேச்சுத்தான். சாஸ்திரீய ஆராய்ச்சி முறை என்று பெரும்பெயர் பெற்றிருப்பதன் அடிப்படையும் இதுவே. மாற்றம் செய்ததன் பக்கத்தில் மாற்றம் செய்யாத ஒன்றையும் வைத்துப் பார்ப்பதே அது.

துணிக்கும் பயிருக்கும் இன்னுமொரு தொடர்பு உண்டு. சவுக்காரம் பரவுவதற்கு முன் அழுக்கு நீக்க உதவியது உவர்மண். வண்ணான்காரம் என்று பழைய நாளில் பெயர் பெற்ற உப்பு அதில் உண்டு. துணிக்கு உதவிய அதே காரம் வயலில் மிகுந்தால் மண் இறுகி, நீர் இறங்காமல், பயிர் கருகும். உப்பு ஒன்றே, இடத்துக்கு இடம் அதன் குணம் மாறுகிறது. நகரத்துப் பிள்ளையும் நாட்டுப்புறத்துப் பிள்ளையும் சேர்ந்து கேட்கத்தக்க கேள்வி இதிலிருந்தே பிறக்கிறது: தண்ணீரில் எவ்வளவு உப்பு இருந்தால் நெல் முளைக்கும், எவ்வளவு இருந்தால் முளைக்காது?

இது வெறும் பாடப்புத்தகக் கேள்வியன்று. வண்ணாரப்பேட்டைக்கு வடக்கே மீஞ்சூர், பொன்னேரிப் பகுதிகளில் நகரத்துக்கும் தொழிற்சாலைகளுக்குமாக நிலத்தடி நீரை மிகுதியாக இறைத்ததன் பயனாகக் கடல்நீர் உள்ளே புகுந்தது. 1969-இல் கரையிலிருந்து சுமார் 3 கிலோமீட்டர் தூரத்தில் இருந்த உப்பு நீரின் எல்லை, 1980-களில் அதைப் போல இரு மடங்குக்கும் அப்பால் போய்விட்டது. அங்குள்ள கிணற்றுக்காரர் ஒவ்வொருவருக்கும் மேற்படி கேள்வி சோற்றுக் கேள்வியே.

முன்னோர் அறிந்தது

முளைக்கவிட்டுப் பார்ப்பது தமிழ்நாட்டுக்குப் புதிதன்று. அம்மன் திருவிழாவில் பெண்கள் முளைப்பாரி வளர்க்கிறார்கள். கல்யாண வீட்டில் பாலிகைக் கிண்ணங்களில் நவதானியம் தெளிக்கிறார்கள். முளை செழித்தால் ஊர் செழிக்கும் என்பது நம்பிக்கை. விதையின் உயிரை விதைப்புக்கு முன்னே கண்ணால் காணும் வழக்கம் இவ்வாறு ஊரோடு ஒட்டியே இருந்து வருகிறது. தெய்வ காரியம் தெய்வ காரியமாகவே இருக்கட்டும். அதில் பழகிய கைக்கு இரண்டே காரியங்களைச் சேர்த்துக் கொடுத்தால் போதும். ஒன்று எண்ணிக்கை, மற்றொன்று ஒப்பு. எத்தனை விதை போட்டோம், எத்தனை முளைத்தது என்று எண்ணாத வரையில் ‘நன்றாக முளைத்தது’ என்பதற்குப் பொருள் இல்லை. பக்கத்தில் வேறொரு தட்டு இல்லாத வரையில் எதனால் நன்றாக முளைத்தது என்று சொல்லவும் இயலாது.

பரிசோதனை செய்யும் விதம்

வேண்டிய பொருள்கள்: ஒரே அளவுள்ள ஆறு தட்டுகள், பழைய பருத்தித் துணி, சமையல் உப்பு, ஒரு லிட்டர் அளவுப் பாத்திரம், 600 நெல். அறுவடையாகிச் சில வாரங்களே ஆன புது நெல்லை எடுக்கலாகாது. அதற்கு உறக்க காலம் உண்டு. உயிருள்ள விதையாயினும் முளைக்காமல் கிடந்து பொய்ச் சாட்சி சொல்லும்.

முதலாவதாக, கேள்வியைக் கரும்பலகையில் எழுத வேண்டும். அதன் கீழே ஒவ்வொரு மாணாக்கரும் தம் ஊகத்தை எழுதிக் கையெழுத்திட வேண்டும். ஊகம் தவறிப்போவதில் வெட்கம் ஒன்றுமில்லை. பின்னால் ஊகத்தை மாற்றி எழுதிவிட்டு ‘நான் அப்போதே சொன்னேன்’ என்பதே வெட்கம்.

இரண்டாவதாக, உப்பு நீர் தயாரித்தல். மளிகைக் கடைத் தராசில் 16 கிராம் உப்பு நிறுத்து, ஒரு லிட்டர் நீரில் கரைக்க வேண்டும். அதில் அரை லிட்டர் எடுத்து, அரை லிட்டர் நல்ல நீர் சேர்த்தால் லிட்டருக்கு 8 கிராம் ஆகும். அதையும் பாதியாக்கினால் 4. மறுபடியும் பாதியாக்கினால் 2. ஒரே ஒரு நிறுவையில் நாலு அளவு கிடைத்துவிடும்; கணக்குப் பாடமும் அதிலேயே முடிந்துவிடும். கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 30 முதல் 35 கிராம் உப்பு உண்டு என்பதை அறிந்தால், முதல் பாத்திரம் ஏறக்குறையப் பாதிக் கடல் என்பது மாணாக்கருக்கு விளங்கும்.

மூன்றாவதாக, மூட்டையின் மேலிருந்தும் நடுவிலிருந்தும் அடியிலிருந்தும் எடுத்த நெல்லை நன்றாகக் கலந்து, பொறுக்காமல் வந்தபடியே தட்டுக்கு 100 வீதம் எண்ணிப் பரப்ப வேண்டும். பருத்த மணியாகத் தேடி எடுப்பது மூட்டையை மெச்சுவதாகுமேயன்றிப் பரீட்சை ஆகாது. நாலு தட்டுகளுக்கு நாலு விதமான உப்பு நீர். மீதி இரண்டு தட்டுகளுக்கும் நல்ல நீர். நல்ல நீர்த் தட்டு ஒன்று போதாதா, இரண்டு எதற்கு என்பது கீழே விளங்கும்.

நாலாவதாக, நீர் ஒன்று தவிர மற்ற யாவும் ஆறு தட்டுகளுக்கும் ஒன்றாகவே இருக்க வேண்டும். துணி, நிழல், நீரின் அளவு, மூடும் நேரம் எல்லாம் சமம். ஜன்னல் ஓரத்தில் சூடு அதிகம். ஆதலால் எந்தத் தட்டு எங்கே என்பதைச் சீட்டுக் குலுக்கி வைக்க வேண்டும். நீர் வற்றும்போது தண்ணீர்தான் ஆவியாகும். உப்பு அப்படியே தங்கும். ஆகவே உப்புத் தட்டுகளிலும் வற்றிய அளவுக்கு நல்ல நீரையே வார்க்க வேண்டும். மேலும் உப்பு நீர் வார்த்தால் 4 கிராம் தட்டு மூன்று நாளில் 8 கிராம் தட்டாகிவிடக்கூடும். பரிசோதனை கெட்டதும் ஒருவருக்கும் தெரியாது.

ஐந்தாவதாக, முளை என்றால் எது என்பதை முதலிலேயே தீர்மானிக்க வேண்டும். வேரும் தளிரும் இரண்டும் ஊனமின்றி வந்ததே முளை. வெறுமே வாய் பிளந்தது முளையன்று. 5-ஆம் நாள் ஒரு தடவையும், 14-ஆம் நாள் கடைசித் தடவையும் எண்ணி எழுத வேண்டும். எண்ணுகிற மாணாக்கருக்கு இன்ன தட்டு இன்ன நீர் என்பது தெரியலாகாது. தட்டின் அடியில் எண்ணை ஒட்டி, விவரத்தை வேறொருவர் வைத்துக்கொள்ளலாம். ஊகித்தவர் கண்ணுக்கு ஊகித்தது தெரிவது மனித இயல்பு. அதற்கு மருந்து இந்த மறைப்பே.

தட்டுகள் சொல்வதும் சொல்லாததும்

14-ஆம் நாள் முதலில் பார்க்க வேண்டியவை உப்புத் தட்டுகள் அல்ல. நல்ல நீர்த் தட்டுகள் இரண்டுமே. ஒரே மூட்டை, ஒரே நீர், ஒரே துணி. ஆயினும் ஒன்றில் 78-உம் மற்றொன்றில் 85-உம் முளைத்திருக்கக்கூடும். இது யாருடைய குற்றமும் அன்று. நூற்றுக்கு 80 முளைக்கத்தக்க மூட்டையிலிருந்து 100 விதை எடுத்தால் ஒரு தடவை 75-உம் ஒரு தடவை 86-உம் வருவது இயற்கையே. ஆகவே உப்புத் தட்டில் ஐந்தாறு விதை குறைந்திருப்பதைக் கண்டு உப்பின் வேலை என்று கூவலாகாது. வித்தியாசம் அல்லாத இடத்திலும் எவ்வளவு வித்தியாசம் வரும் என்று காட்டுவதற்காகவே அந்த இரண்டாவது தட்டு. அரசாங்க விதைப் பரிசோதனை நிலையங்கள் 400 விதைகளை எடுத்துப் பார்ப்பதற்கும் காரணம் இதுவே. சான்று பெற்ற நெல் விதைக்கு நூற்றுக்கு 80 முளைப்பு என்ற குறைந்த அளவு விதிக்கப்பட்டிருப்பதைப் பலரும் அறிவர். அந்த 80 எப்படி எண்ணப்படுகிறது என்பதை அறிந்தவர் சிலரே.

உப்பு மிகுந்த தட்டில் முளை தாமதமாவதையும் வேர் குறுகுவதையும் மாணாக்கர் தாமே காண்பர். இங்கே உபாத்தியாயர் நிறுத்திக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: ‘4 கிராம் உப்பு நீரில் நன்றாக முளைத்துவிட்டது, ஆகவே அந்த நீரைப் பாய்ச்சி நெல் விளைவிக்கலாமா?’ பெரும்பாலோர் ஆம் என்பர். அது தவறு. நெற்பயிர் முளைக்கும் பருவத்தில் உப்பை ஓரளவு தாங்கும். இரண்டு மூன்று இலை விட்ட நாற்றுப் பருவத்திலும் பூக்கும் பருவத்திலும் தாங்காது. ஆகவே தட்டு ‘ஆகாது’ என்று சொன்னால் அதை நம்பி நிறுத்திக்கொள்ளலாம், ‘ஆகும்’ என்று சொன்னால் அடுத்த படியான நாற்றங்கால் பரீட்சைக்குப் போகலாம், அவ்வளவே. ஒரு பரிசோதனை எதைக் கேட்டதோ அதற்கு மாத்திரமே விடை சொல்லும்.

இந்த எல்லையை மறந்தவர்களில் பெரிய ஆராய்ச்சியாளரும் உண்டு. பெல்ஜியத்தைச் சேர்ந்த வான் ஹெல்மான்ட் என்பவர் 200 பவுண்டு காய்ந்த மண்ணை ஒரு தொட்டியில் இட்டு, 5 பவுண்டு எடையுள்ள வில்லோ மரக்கன்றை நட்டு, ஐந்து வருஷம் நீர் மட்டும் வார்த்து வந்தார். மரம் 169 பவுண்டுக்குச் சற்று அதிகமாயிற்று. மண்ணில் குறைந்தது சுமார் 2 அவுன்ஸ்தான். அவர் காலஞ்சென்றபின் 1648-இல் இது அச்சில் வந்தது. மரத்தின் உடம்பு மண்ணிலிருந்து வரவில்லை என்று அவர் காட்டியது மெய். முழுவதும் தண்ணீரிலிருந்தே வந்தது என்று முடிவு கட்டியது பிழை. காற்றிலுள்ள கரியமிலவாயுவை இலை உண்கிறது என்பது ஒரு நூற்றாண்டுக்குப் பின்னரே தெரியவந்தது. அவர் நிறுத்தது சரி. நிறுக்காததைப் பற்றிப் பேசியதே தவறு. குறைந்த 2 அவுன்ஸையும் அவர் ஒளிக்காமல் எழுதி வைத்தார் என்பதையும் மாணாக்கர் கவனிக்க வேண்டும். மண்ணிலிருந்து பயிர் எடுக்கும் சத்துகளின் கதை அந்த அற்ப எடைக்குள்தான் இருந்தது.

விடை தெரிந்த பரிசோதனையால் பயனில்லை

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வரலாம். பள்ளிக்கூடங்களில் செய்முறை என்று ஒன்று இல்லாமல் இல்லை. தமிழ்நாட்டில் 6 முதல் 8-ஆம் வகுப்பு வரையுள்ள அரசுப் பள்ளி மாணாக்கருக்குக் கைப்பட அறிவியல் கற்பிக்க ‘வானவில் மன்றம்’ என்னும் திட்டம் 2022 நவம்பரில் தொடங்கப்பட்டது. அதற்கு முன்பே, 1993 முதல் நடந்துவரும் தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாட்டில், 10 முதல் 17 வயதுப் பிள்ளைகள் தம் ஊர்ப் பிரச்சினை ஒன்றை எடுத்து ஆராய்ந்து வருகின்றனர். தமிழ்நாட்டில் அதைத் தமிழ்நாடு அறிவியல் இயக்கம் நடத்தி வருகிறது. இவை போற்றத்தக்கவை.

ஆயினும் பெரும்பாலான வகுப்பறைகளில் நடப்பது வேறு. முடிவு இன்னது என்று புத்தகத்தில் அச்சாகியிருக்கிறது. மாணாக்கர் செய்கிறார், அவருடைய தட்டில் வேறொன்று வருகிறது. மதிப்பெண் போய்விடுமே என்று பயந்து, தட்டில் கண்டதை விட்டுப் புத்தகத்தில் கண்டதை எழுதி வைக்கிறார். அன்று அவர் கற்றுக்கொண்டது விஞ்ஞானமன்று. கண்ணால் கண்டதை மேலோர் விரும்பும் கணக்குக்கு ஒத்தபடி திருத்தி எழுதும் வித்தை. பரிசோதனையே செய்யாதிருப்பதைக் காட்டிலும் இது கெடுதலானது.

ஆகவே உபாத்தியாயருக்கே விடை தெரியாத கேள்வியையே மாணாக்கருக்குக் கொடுக்க வேண்டும். உப்புத் தட்டு ஆறும் அதற்கு ஏணி. அவை முடிந்தபின், வண்ணாரப்பேட்டை மாணாக்கர் தத்தம் தெருவின் ஆழ்துளைக் கிணற்று நீரைப் புட்டியில் கொண்டுவந்து அதே முறையில் தட்டு வைக்கட்டும். எந்தத் தெருவின் நீர் எந்த உப்புத் தட்டோடு ஒத்திருக்கிறது என்பது எந்தப் புத்தகத்திலும் இல்லை. பார்த்து எழுதுவதைத் தவிர வேறு வழி இல்லை. கிராமத்துப் பள்ளியில் இதைவிட வசதி அதிகம். ஊரில் எத்தனை குதிர் உண்டோ அத்தனை விதை; எத்தனை கிணறு உண்டோ அத்தனை நீர்.

கிராம உத்தியோகஸ்தர் கவனிக்க

இது பிள்ளைகளின் காரியம், தமக்கு இதில் என்ன என்று கிராம உத்தியோகஸ்தர் நினைக்கலாகாது. பயிர் அறுவடைப் பரிசோதனை என்பது மேற்சொன்ன முளைப்புத் தட்டின் மூத்த சகோதரமே. எந்தச் சர்வே எண், அதற்குள் எந்த இடம் என்பதைக் கண்ணால் பார்த்துத் தெரிந்தெடுக்காமல், குலுக்கல் எண்ணைக் கொண்டு குறித்து, நெல்லாயின் ஐந்து மீட்டர்ச் சதுரம் அளந்து அறுத்து நிறுக்க வேண்டும் என்பது விதி. நெல் மகசூலை இவ்வாறு குருட்டுத் தெரிவினால் அளக்கும் வழியை இந்தியாவில் 1920-களில் பீகார், ஒரிசாப் பகுதியில் ஹப்பக் என்னும் அதிகாரி செய்து காட்டினார். பின்னர் மஹலநோபிஸ், சுகாத்மே, பான்சே முதலிய புள்ளியியலார் அதை நாடெங்கும் கையாளத்தக்க முறையாக வளர்த்தார்கள்.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பர். பானைக்குள் கொதி சமமாகப் பரவுவதால் அது பொருந்தும். வயல் அப்படிப்பட்டதன்று, மடை வாயில் ஒரு விளைவு, வரப்போரத்தில் ஒரு விளைவு. வழிக்கு அருகென்று ஒரு மூலையையோ, இரக்கத்தால் வாடிய மூலையையோ, பெருமைக்காகச் செழித்த மூலையையோ தேர்ந்து அறுத்தால் கணக்கு பொய்யாகும். 2016 முதல் நடைபெறும் பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் நஷ்டஈட்டைத் தீர்மானிப்பதில் இவ்வறுவடைக் கணக்குக்கு முக்கிய இடமுண்டு. ஆதலால் ஒரு சதுரத்தில் நிறுத்த நெல் அந்தச் சதுரத்தோடு நிற்பதில்லை. ஒரு வட்டாரத்துக் குடும்பங்களின் பணம் அதில் தொங்குகிறது. தட்டில் கண்டதைத் திருத்தி எழுதிப் பழகிய மாணாக்கர்தாம் நாளை தராசு பிடிக்கப் போகிறவர். அடங்கல் மெய்யாக இருக்க வேண்டுமானால் பள்ளிக்கூடத்து நோட்டுப் புத்தகம் மெய்யாக இருக்க வேண்டும்.

சில ஆட்சேபங்கள்

‘அநுபவம் இருக்கும்போது பரிசோதனை எதற்கு?’ என்பது முதல் ஆட்சேபம். அநுபவத்தை இகழ்வது மடமை. நாற்பது வருஷம் மண்ணில் நின்றவர் காணாத எத்தனையோ ஆராய்ச்சி நிலையத்திலும் காணப்படவில்லை. ஆனால் அநுபவம் கேள்வியை எழுப்புவதில் வல்லது. பல காரணங்கள் கலந்து வரும்போது அவற்றைப் பிரிப்பதில் வல்லதன்று. 2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலையால் நாகப்பட்டினம் கரையோர வயல்களில் கடல்நீர் புகுந்தது. அப்படிப்பட்ட வெள்ளத்தைப் பாட்டன் காலத்திலும் யாரும் கண்டதில்லை. கேட்டறிவதற்கு அநுபவஸ்தர் ஒருவரும் இல்லை. அத்தகைய வேளையில் இந்த வயல் மண் ஒரு தட்டிலும், உப்பேறாத மேட்டு மண் பக்கத்துத் தட்டிலும் வைத்து விதை போட்டுப் பார்க்கத் தெரிந்த ஊருக்கு, மழை பெய்து உப்பு இறங்கினபின் விதைக்கலாமா என்பதைத் தானே உசாவியறிய ஒரு வழி உண்டு.

‘ஒன்றும் செய்யாத தட்டும் ஒன்றும் இடாத பாத்தியும் வீண்’ என்பது இரண்டாவது. கோயம்புத்தூரில் 1909-இல் தொடங்கிய நிலையான உரப் பரிசோதனையில் உரமே இடாத பாத்தியும் இன்றுவரை இடம் பெற்றுள்ளது. இங்கிலாந்தில் ராதம்ஸ்டெட் பண்ணையில் 1843-இல் தொடங்கிய கோதுமை வயலிலும் அப்படியே. அந்தப் பாத்தி தரும் தானியம் கொஞ்சந்தான். மற்ற எல்லாப் பாத்திகளின் கணக்கையும் படிப்பதற்கு அதுவே திறவுகோல்.

‘பாடத்துக்கு நேரம் இல்லை’ என்பது மூன்றாவது. தட்டு வைக்க ஒரு மணி, நீர் பார்க்க நாளுக்கு ஐந்து நிமிஷம், எண்ண இரண்டு தடவை அரைமணி. இதில் கணக்கும் தாவரநூலும் தமிழில் ஒழுங்காக எழுதும் பயிற்சியும் அடங்கிவிடுகின்றன.

செய்யத்தக்கவை

நிலமுடையோர் விதைப்புக்கு ஒரு மாதம் முன்னதாகத் தம் விதை நெல்லில் ஒரு படியைப் பெயர் எழுதாமல், எண் மட்டும் இட்டு உள்ளூர்ப் பள்ளிக்கு அனுப்பலாம். பெயர் இல்லாவிட்டால் பெரிய வீட்டு விதை, சிறிய வீட்டு விதை என்ற பேதம் எண்ணுகிறவர் கண்ணில் படாது. நூற்றுக்கு 80 முளைக்க வேண்டிய விதையில் 60 தான் முளைக்கிறது என்று தெரிந்தால், நாற்று நாலில் ஒரு பங்கு குறையும் என்பதை விதைக்கு முன்பே அறிந்து, விதையை மாற்றவோ அளவைக் கூட்டவோ அவகாசம் கிடைக்கும். பள்ளித் தட்டு விதைப் பரிசோதனை நிலையத்துக்குப் பதிலன்று. எந்த விதையை நிலையத்துக்கு அனுப்புவது என்று காட்டும் சுட்டுவிரல்.

வசதியுள்ளோர் பள்ளிக்கு அருகில் இரண்டு சென்டு நிலத்தை ஒரு போகத்துக்கு விட்டுக் கொடுக்கலாம். அதைச் சிறு பாத்திகளாகப் பிரித்து, ஒன்றுவிட்டு ஒன்று இடாமல், சீட்டுக் குலுக்கி உரம் இட்டும் இடாமலும் பயிர் செய்து, பாத்திவாரியாக நிறுக்கட்டும். கிராம நிர்வாக அலுவலர் அறுவடைப் பரிசோதனை நாளில் உயர்வகுப்பு மாணாக்கரை வரப்பில் நிறுத்தி, குலுக்கல் எண் எடுப்பது முதல் நிறுப்பது வரை பார்க்கச் செய்யலாம். பார்க்கும் கண்கள் பல இருந்தால் தராசும் நேராக நிற்கும்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று வேண்டும். ஊரில் செல்வாக்குள்ள ஒருவருடைய விதை தட்டில் தோற்றுப்போகும் நாள் வராமல் இராது. அன்று பன்னிரண்டு வயதுப் பிள்ளை ஒன்று நோட்டுப் புத்தகத்தைக் கையில் பிடித்து நின்று, ‘ஐயா, நூற்றுக்கு ஐம்பத்திரண்டுதான் முளைத்தது’ என்று சொல்லும். அப்போது அவர் சினந்தால் அந்த ஊரில் அதற்கப்புறம் ஒரு தட்டும் மெய் சொல்லாது. ‘எப்படி எண்ணினாய், காட்டு’ என்று கேட்டு, மறுபடியும் நூறு விதை எண்ணிக் கொடுத்தால், அந்தப் பிள்ளையின் படிப்பும் அவருடைய போகமும் இரண்டும் பிழைக்கும்.